மூன்று அளவையும் ஒரு கைப்பையும்

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை தேட மாட்டார்கள், விசாரிப்பார்கள். தேடினால் கிடைத்துவிடும். விசாரித்தால் கிடைத்ததும் போய்விடும். எனக்கு முதலில் ஒரு டாக்டர் வந்தார். விசாரித்ததில் அவருடைய சித்தப்பா மலாக்காவில் யாருடனோ ஓடிப்போனது தெரியவந்தது. அடுத்து ஓர் எஞ்சினியர். விசாரித்ததில் அவர் தூக்கத்தில் எழுந்து நடப்பவர். மூன்றாவதாக வந்தவரைப் பற்றி எங்கே விசாரித்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. குறையே இல்லாத மனிதன் எதையோ மறைக்கிறான் என்று அப்பா அவரையும் அனுப்பிவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த நாளிலிருந்து கிளார்க் உத்தியோகம் பார்த்த பரம்பரை நாங்கள். சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டோம்.

இப்படியாக எனக்கு ஐம்பத்து மூன்று வயதாயிற்று. பெயர் வள்ளிநாயகி. தோ பாயோவில் வீடு. வக்கீல் அலுவலகத்தில் வீடு விற்கும் வாங்கும் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. பட்டிமன்றப் பேச்சு என் பொழுதுபோக்கு. கோபம் கூடப்பிறந்தது.

இந்தக் கதையில் வரும் ஆணின் பெயர் வேலாயுதம். வள்ளி, வேலாயுதம் என்கிற பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். சிங்கப்பூரில் தமிழ் பேசும் அத்தனை பேரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

தமிழ் மொழி மாதமான ஏப்ரலில் இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழ் நிகழ்ச்சியில்தான் விழ வேண்டும். எங்கள் சமூக மன்றத்திலும் சித்திரைப் புத்தாண்டுப் பட்டிமன்றம் ஏற்பாடாகியிருந்தது. தலைப்பு: மனிதன் இயல்பிலேயே நல்லவனா, கெட்டவனா? அணிகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குக் கெட்டவன் அணி. மகிழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன். பத்திரம் சரிபார்க்கிறவளிடம் மனிதன் நல்லவன் என்று பேசச் சொன்னால் நாக்கு எழும்பாது. எதிரணித் தலைவர் வேலாயுதம். இதற்கு முன்னும் பல மேடைகளில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர்தான். மனைவி இறந்து பல வருடங்கள் ஆனவர், மார்சிலிங்கில் தனியாக இருக்கிறார், சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர்.

ஆலோசனைக் கூட்டம் முடிந்து பேருந்து நிலையம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

"மிஸ் வள்ளி, நான் தினம் ஆயிரம் பெட்டி ஏத்தி அனுப்புறேன். அனுப்புறவன் வாங்குறவனைப் பார்த்ததே இல்ல. ஆனா நம்பி அனுப்புறான், அவனும் நம்பி வாங்குறான். மனுசன் கெட்டவனா இருந்தா ஒரு மாம்பழம்கூட ஊர் வந்து சேராதுலா."

"அப்ப எதுக்குப் பெட்டிக்குச் சீல் வைக்கிறீங்க?"

"நல்லவனுக்குச் சபலம் வந்துடக் கூடாது இல்ல, அதுக்குத்தான்."

"சபலம் வர்ற நல்லவனை எல்லாம் எங்க அணியில சேர்த்துக்கிறேன். உங்க அணியில யாரு மிச்சம்?"

தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். தோற்றுப்போகும்போது இப்படிச் சிரிக்கிற ஆணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் தோற்றால் மூன்று நாள் பேச மாட்டார்கள். சிரித்து முடித்தவர், வருகிற பேருந்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டே, பேருந்து வருகிறது என்று சொல்கிற அதே குரலில் கேட்டார்:

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவரே தொடர்ந்தார். "உடனே சொல்ல வேணாம். பட்டிமன்றம் முடியறதுக்குள்ள சொன்னாப் போதும். அதுக்கப்புறம் நம்ம ரெண்டு பேரும் சந்திக்கச் சாக்கு இல்ல. நான் தைரியசாலி கிடையாது, சாக்கு இல்லாம திரும்பக் கேட்க மாட்டேன்."

என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். இருந்தும் வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிறது என்று ஈசூனில் இறங்கியபோதுதான் தெரிந்தது.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இவ்வளவு தூரம் சுற்றி வரவேண்டியிருக்கிறது, ஈசூன் வழியாக. ஆனால் பிடித்திருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. பிடித்தது என்று வீடு வாங்கி, பின்னால் அது அடமானத்தில் இருப்பதை அறிந்து என் மேசைக்கு முன்னால் அழுதவர்களை எனக்குத் தெரியும். இந்த மனிதர் இயல்பிலேயே நல்லவரா? இது பட்டிமன்றத் தலைப்பாக இருந்தவரை எனக்கு ஒரு கவலையும் இல்லை. இப்போது என் மீதி வாழ்க்கையின் தலைப்பாகிவிட்டது.

சனிக்கிழமைச் சைவ வகுப்பில் எங்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொருளை அறிய மூன்று அளவைகள்: காட்சி, கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. கடவுளையே இந்த மூன்றால் நிறுவியிருக்கிறார்கள். மார்சிலிங்கில் இருக்கும் ஒரு மனிதரை நிறுவ முடியாதா?

உரையில் தொடங்கினேன், அது எங்கள் குலத்தொழில். தேக்கா சந்தையில் அவர் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் சின்னத்தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணனா? நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. கடைசியில மத்தி வாங்கிட்டுப் போவாரு. நல்ல மனுசன், ஆனா என் நண்டை ஏன் அப்படிப் பார்க்கிறாருன்னுதான் தெரியல" என்றார். விமான நிலையத்தில் வேலாயுதத்துடன் வேலை பார்க்கும் ரகுபதியைக் கோயிலில் பிடித்தேன். "வேலாயுதமா? ரொம்ப நல்லவன். அதான் புரமோஷன் எனக்குக் கிடைச்சுது" என்றார். மார்சிலிங்கில் அவருக்கு மேல்மாடியில் குடியிருக்கும் அம்மாள், "இத்தனை வருஷமா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கலயே, அப்படிப்பட்ட உத்தமர். இல்லாட்டி யாரும் கிடைக்கலயோ என்னவோ" என்றாள். மூன்று பேரிடம் விசாரித்ததில் அந்த மூன்று பேரைப் பற்றியும் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

சரி, கருதல். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது. அவர் வெள்ளைச் சட்டையின் இரண்டாவது பொத்தானை நீல நூலால் தைத்திருந்தார். நான் இதை முன்பே கவனித்திருந்தேன். தனக்குத் தானே பொத்தான் தைத்துக்கொள்கிற மனிதர், ஆகவே பிறருக்குத் தொந்தரவு தராதவர் என்று ஊகித்தேன். தொலைபேசியில் அக்காவிடம் சொன்னேன். "வெள்ளை நூல் வாங்க மனமில்லாத கஞ்சன்" என்றாள் அக்கா. அக்காவின் மகள் ஆரணி, வேலைக்குப் பக்கம் என்று என்னோடு தங்கியிருப்பவள், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "கலர் பிளைன்ட்" என்றாள். ஒரே புகைதான், அதற்குக் கீழே மூன்று நெருப்பு.

மிச்சம் இருந்தது காட்சி. என் கண்ணால் பார்த்துவிடுவது. பார்ப்பவர் யாருமில்லை என்று நினைக்கும்போது ஒரு மனிதன் என்ன செய்கிறானோ அதுதான் அவன் இயல்பு. அந்தச் சமயத்தில் அவரைப் பார்க்க வேண்டும்.

"சித்தி, சீரியஸா? ஆளைப் பிடிச்சிருக்கு, ஓகேன்னு சொல்றதுக்கு எக்ஸ்பெரிமென்ட்டா? அதுவும் சாம்பிள் சைஸ் ஒன்னு!" ஆரணி கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள்.

"வாயை மூடிட்டு உன் பழைய கைப்பை ஒன்னு குடு."

சிவப்புத் தோல் பை ஒன்றைக் கொடுத்தாள். உள்ளே ஒரு கோடாலித் தைலமும், பார்க்க வீக்கமாக இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் உளுத்தம்பருப்பும் வைத்தேன். பொட்டலத்தை எங்கள் அலுவலகத்தில் பத்திரங்களைக் கட்டும் ரோஸ் நாடாவால் கட்டினேன். அந்த முடிச்சு என் முடிச்சு. யாராவது அவிழ்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஒத்திகை பார்த்தேன். ஞாயிறு மதியம் தேக்கா உணவங்காடியில் நிற்க இடமில்லாத கூட்டம். பையை ஒரு மேசைமேல் வைத்துவிட்டுத் தூண் மறைவில் நின்றேன். ஒருவரும் தொடவில்லை. தொடாதது மட்டுமா? பிரியாணித் தட்டோடு ஒரு குடும்பமே அந்த மேசையைச் சுற்றிவந்து, பையைப் பார்த்து, பெருமூச்சு விட்டு நகர்ந்தது. ஒரு சீனப் பெரியவர் அதன் பக்கத்தில் நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிட்டார். நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. இந்த உலக அதிசயத்தைச் செல்பேசியில் ஆரணியிடம் சொன்னேன்.

"அய்யோ சித்தி! டிஷ்யூ பாக்கெட்டை வச்சு எல்லாரும் இடம் பிடிக்கிறாங்கல்ல? நீங்க பையை வச்சு இடம் பிடிச்சிருக்கீங்கன்னு நினைச்சிருப்பாங்க!"

பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். இங்கே மேசையில் கிடக்கும் பை தொலைந்த பொருள் இல்லை, உட்கார்ந்திருக்கும் ஆள். அதைத் தொடுவது ஓர் ஆளைத் தள்ளிவிடுவதற்குச் சமம்.

நடைபாதையில் நழுவ விட்டுப் பார்த்தேன். ஒரு பங்களாதேஷ் இளைஞர் சாலையைக் கடந்து ஓடிவந்து கையில் திணித்தார். மறுபடி நழுவ விட்டேன். ஒரு சீன ஆண்ட்டி எடுத்து வந்து, இவ்வளவு கவனக்குறைவா என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினாள். மூன்றாம் முறை ஒரு மலாய்த் தம்பதி. அவர்கள் என்னைக் கைத்தாங்கலாக நிழலுக்கு அழைத்துப்போய், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்கள். மனிதன் கெட்டவன் என்று மேடையில் முழங்கவேண்டியவளுக்கு இதைவிட அவமானம் வேறென்ன வேண்டும்?

அடுத்த ஞாயிறு உண்மையான சோதனை. காலையில் சந்தையை முடித்துக்கொண்டு, கையில் தேநீரோடு வெளியே ஒரு சிமெண்டு இருக்கையில் அவர் உட்காருவது வழக்கம் என்று சின்னத்தம்பி சொல்லியிருந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்பு பையை அந்த இருக்கையின் ஓரத்தில், பாதி தரையில் விழுகிற மாதிரி வைத்தேன். மேசை இல்லாத இடம், ஆகவே இது இடம் பிடித்தது ஆகாது. பக்கத்துப் பழக்கடையில் தொங்கிய வாழைத்தார்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு சீப்பு வாங்கி அவர் வாயை அடைத்தேன்.

வந்தார். உட்கார்ந்தார். தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். பையைப் பார்த்தார். நிமிர்ந்து எதிரே பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார். கையில் இருந்த வாழைப்பழத்தை எப்போது உரித்தேன், எப்போது தின்றேன் என்று தெரியாது.

அவர் பையை எடுத்தார். மத்தியும் கீரையும் இருந்த சந்தைப் பைக்குள் போட்டார். எழுந்தார். நடந்தார்.

பின்னாலேயே போனேன். போலீஸ் நிலையம் இருக்கும் பக்கம் திரும்புவார் என்று பார்த்தேன், திரும்பவில்லை. சந்தை அலுவலகத்துக்காவது போவார் என்று பார்த்தேன், போகவில்லை. ஒரு கடையில் நின்று கறிவேப்பிலை வாங்கினார். சீட்டியடித்தார். ஆமாம், சீட்டி! ரயில் நிலையத்தில் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு பொட்டலம் உளுத்தம்பருப்புக்காக ஐம்பத்து மூன்று வயதுப் பெண் அழுவதைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். பரவாயில்லை, எனக்கு வலித்தது. ஆரணி கதவுக்கு வெளியே நின்று, "சித்தி, போன் பண்ணிக் கேட்டுடுங்கலா" என்றாள். கேட்க மாட்டேன் என்றேன். கேட்டால் விளக்கம் சொல்வார். விளக்கம் நன்றாக இருந்தால் நம்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

பட்டிமன்ற நாள் வந்தது. மன்றத்தின் பல்நோக்கு மண்டபம் நிரம்பி, பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவர் தியாகராசா, ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர். இரண்டு தரப்பும் சரிதான் என்று தீர்ப்பளித்து, இரண்டு தரப்பிடமும் சால்வை வாங்கிக்கொள்ளும் அனுபவசாலி. வேலாயுதம் அதே வெள்ளைச் சட்டை, அதே நீல நூல். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மைக்கைச் சரிசெய்தேன்.

எழுதி வைத்திருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் பேசினேன்.

"நடுவர் அவர்களே! யாரும் பார்க்காதபோது மனிதன் என்ன செய்கிறான் என்பதே அவன் இயல்பு. தேக்காவில் ஒரு சிவப்புக் கைப்பையை அநாதையாக வைத்துவிட்டு நான் மறைந்து நின்றேன். பார்ப்பதற்கு மரியாதையான மனிதர் ஒருவர் வந்தார். மேடைகளில் மனித நேயம் பேசுகிறவர். அக்கம் பக்கம் பார்த்தார். அந்தப் பையை மத்தி மீனோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டார். போகும்போது சீட்டியடித்தார் ஐயா, சீட்டியடித்தார்! பெயர் சொல்ல மாட்டேன். இந்த அரங்கில்தான் இருக்கிறார்."

அரங்கம் 'ஓ' என்று கூவியது. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரு கணவர் தன் மனைவியிடம், "சத்தியமா நான் இல்லம்மா" என்று சொன்னது மேடைவரை கேட்டது. குரல் நடுங்கியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

அடுத்துப் பேச வேண்டியவர் வேலாயுதம். எழுந்தார். நாற்காலிக்குக் கீழே குனிந்து ஒரு துணிப்பையை எடுத்தார். அதற்குள்ளிருந்து சிவப்புக் கைப்பையை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நடுவர் அவர்களே, எதிரணித் தலைவி குறிப்பிட்ட அந்தத் திருடன் அடியேன்தான்" என்றார்.

அவர் மேடைத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுத் தமிழுக்கு வந்தார்.

"நான் உட்கார்ந்த இடத்துக்கு எதிர்ல ஒரு புடவைக்கடை. வாசல்ல ஆள் உயரக் கண்ணாடி. பையைப் பார்த்துட்டு, யாரு விட்டுட்டுப் போயிருப்பாங்கன்னு நிமிர்றேன். கண்ணாடியில வாழைத்தார் தெரியுது. வாழைத்தாருக்கு நடுவுல ஒரு மூக்குக்கண்ணாடி. அதுக்குப் பின்னால இந்த அம்மா. வாழைப்பழம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க!"

கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ஆரணி முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

"என்னைச் சோதிக்கிறாங்கன்னு புரிஞ்சுபோச்சு. எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இப்ப எனக்கு ரெண்டு வழி. ஒன்னு, பையை ஆபீஸ்ல ஒப்படைச்சு நல்லவன்னு பேர் வாங்கலாம். ரொம்ப சுலபம்லா. ஆனா அவங்க பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சே செய்யற நல்லது நல்லதா? அது நடிப்பு. அப்படி நடிச்சு அவங்ககிட்ட நான் எதை வாங்கினாலும் அதுதான் திருட்டு. அதனால பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அன்னைக்கு என்னால செய்ய முடிஞ்ச ஒரே நேர்மையான காரியம் திருடறதுதான் ஐயா!"

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அந்தச் சீட்டி?" என்று கேட்டார்.

"பின்னாலேயே வர்றாங்கன்னு தெரியும். சந்தோஷத்துல வந்துடுச்சு." அவர் முகம் சட்டென்று மாறியது. "எடுத்தா சண்டைக்கு வருவாங்கன்னு நினைச்சேன். அங்கேயே சொல்லிடலாம்னு இருந்தேன். வரல. வாரம் பூரா போனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இப்ப இவங்க குரல் நடுங்கிச்சு பாருங்க, அப்பத்தான் அழ வச்சுட்டேன்னு தெரிஞ்சுது. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். பையைத் திறக்கல. ஆட்டினா கலகலன்னு ஏதோ பருப்புச் சத்தம் வருது, அவ்வளவுதான் தெரியும்."

கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. நடுவர் தியாகராசா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்தப் பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வந்தேன். ஆனாலும் சொல்கிறேன். தினைப்புனத்தில் வள்ளியைப் பார்க்க அந்த முருகனே வேடனாகவும் கிழவனாகவும் வேடம் போட்டுக்கொண்டுதான் வந்தார். வள்ளிக்கு முன்னால் வேடம் போட மாட்டேன் என்று நின்ற முதல் வேலாயுதம் இவர்தான்!"

வருடக்கணக்கில் அந்தப் பெயர் நகைச்சுவைக்கு எரிந்து விழுந்தவள் நான். அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

தொகுப்புரை சொல்ல என்னை அழைத்தார்கள். குலுக்கலில் கடைசி வார்த்தை எங்கள் அணிக்கு விழுந்திருந்தது. மைக்குக்கு முன்னால் போய் முதலில் பையைத் திறந்தேன். பொட்டலத்தைப் பார்த்தேன். ரோஸ் நாடா, என் முடிச்சு, அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட அடுத்த நொடி உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது: அவிழ்த்துவிட்டு அதே மாதிரி கட்டியிருக்கலாமே? கண்ணாடியில் பார்த்ததாகச் சொல்வதே கட்டுக்கதையாக இருக்கலாமே? அது அப்பாவின் குரல். அக்காவின் குரல். தூக்கம் முதல் சித்தப்பா வரை விசாரித்த எங்கள் மொத்தப் பரம்பரையின் குரல். அதற்கு எந்தச் சான்றைக் காட்டினாலும் அந்தச் சான்றுக்குச் சான்று கேட்கும்.

அப்போது வகுப்பில் படித்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. காட்சியிலேயே ஒரு வகை உண்டு. தன்வேதனைக் காட்சி என்பார்கள். இன்பமோ துன்பமோ தானே பட்டு அறிவது. தேன் இனிக்கும் என்று ஊரே சத்தியம் செய்தாலும், பானையைச் சுற்றி எறும்பு மொய்ப்பதைக் கண்டு ஊகித்தாலும், நாக்கில் வைக்காதவளுக்குத் தேன் தெரியாது. நான் முப்பது வருடமாக எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நடுவர் அவர்களே" என்றேன். "எங்கள் அணிக்கு இனிச் சான்று தேவையில்லை. எதிரணித் தலைவர் பையைத் திருடியதை ஒப்புக்கொண்டுவிட்டார். திருடியதை நேர்மை என்று வேறு வாதாடுகிறார். நானோ ஒரு மனிதரை வாழைத்தாருக்குப் பின்னால் நின்று வேவு பார்த்தேன். கேட்டுத் தெளிய வேண்டியதைக் கேட்காமல் மேடையில் மானத்தை வாங்கினேன். திருடனும் வேவுக்காரியும்! மனிதன் இயல்பிலேயே கெட்டவன் என்பதற்கு இந்த மேடையைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?"

வேண்டாம் என்று அரங்கம் கத்தியது. நான் வேலாயுதத்தின் பக்கம் திரும்பினேன். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இப்படிப்பட்ட ரெண்டு பேரை மார்சிலிங்ல ஒன்னு, தோ பாயோல ஒன்னுன்னு விட்டு வச்சா ரெண்டு வீடு கெட்டுப் போகும். ஒரே வீட்ல போட்டு அடைச்சா ஒரு வீட்டோட போயிடும். ஊர் நன்மையை நினைச்சு நான் சம்மதிக்கிறேன் ஐயா."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது ஆரணிக்கு. நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தாள். பிறகு மண்டபமே எழுந்து நின்றது. நடுவர் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பக்கத் தீர்ப்புச் சொன்னார்: கெட்டவன் அணியே வென்றது. தோற்ற அணித் தலைவர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். தட்டிக்கொண்டே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்தே தேக்காவுக்குப் போனோம். மதியக் கூட்டத்தில் மூலையில் ஒரே ஒரு மேசை காலியாக இருந்தது. நான் சிவப்புக் கைப்பையை அதன்மேல் வைத்தேன். இப்போது அதற்குள் என் பணம், அடையாள அட்டை, வீட்டுச் சாவி எல்லாம் இருந்தன. "வச்சுட்டு வாங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. மனுசன் நல்லவன்" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.

தோசைக்கு வரிசையில் நின்றோம். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பை இருந்தது. அவர் திரும்பவில்லை, விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை நான் திரும்புவதற்குள், தலையைச் சொறிகிற சாக்கில் அவரும் ஒரு தடவை திரும்பி மேசையைப் பார்த்துக்கொண்டார்.

நான் பார்த்துவிட்டேன். ஆனால் விசாரிக்கவில்லை.